பிள்ளை மட்டும் கவனமாக இருந்தால் போதுமா? சுவீடன் வீதிகளில் நாங்கள் கற்ற பாடம்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் எங்கள் பாடசாலைக்கு முன்னால், மஞ்சள் கடவையிலேயே, தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளையை மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியது உங்களில் பலருக்குத் தெரியும். கால் எலும்பு முறிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னோம். "பிள்ளைகளே, வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். ஓடாதீர்கள். கவனம்."

ஊரிலும் அதே பேச்சுத்தான். "புள்ள பாக்காம ஓடியிருக்கும்", "இந்தக் காலத்துப் புள்ளைகள் சொன்னாக் கேக்குறல்ல", "உம்மா வாப்பா கூட்டிக்கொண்டு போயிருக்கணும்." சுகம் விசாரிக்க அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன இடத்திலும் இதையே கேட்டோம். மோட்டார் சைக்கிள் என்ன வேகத்தில் வந்தது, கடவையைக் கண்டும் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது மனதை உறுத்தியது. ஏனென்றால், இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கும் ஒரு நாட்டில் நாங்கள் இரண்டரை வருடம் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு, உயர்கல்விக்காகக் குடும்பத்தோடு சுவீடனின் உப்சாலா நகரத்துக்குப் போனோம். தலைநகர் ஸ்டொக்ஹோமிலிருந்து வடக்கே எழுபது கிலோமீற்றர் அளவில் இருக்கும் பல்கலைக்கழக நகரம் அது. எங்களிடம் கார் இருக்கவில்லை. அந்த இரண்டரை வருடமும் நடந்தும் பஸ்ஸிலுமே திரிந்தோம். ஆகவே அந்த நாட்டை நாங்கள் பார்த்தது ஒரு பாதசாரியின் கண்ணால்தான்.

போன முதல் வாரம் நடந்தது இது. இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாதசாரிக் கடவையில் நின்றோம். அங்கே சமிக்ஞை விளக்கு இல்லை, வெள்ளைக் கோடுகள் மட்டும்தான். கார் ஒன்று வந்தது. அது போகட்டும் என்று நாங்கள் நின்றோம். கார் நின்றுவிட்டது. "நீங்கள் போங்கள்" என்று கையால் காட்டினோம். சாரதி சிரித்துக்கொண்டு "நீங்கள் போங்கள்" என்று காட்டினார். பின்னால் இன்னும் இரண்டு வாகனங்கள் வந்து நின்றன. ஹோர்ன் சத்தமே இல்லை. எங்களுக்கு வெட்கமாகப் போய், தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் நின்ற வாகனத்துக்குக் கை காட்டி நன்றி சொல்வோம், அவசரமாகக் கடப்போம். எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்த வயதான ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஏன் ஓடுகிறீர்கள்? அவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. அது அவருடைய கடமை."

அந்தக் கடமை சட்டத்தில் இருக்கிறது. சமிக்ஞை விளக்கில்லாத கடவையில் ஒருவர் கால் வைத்துவிட்டாலோ, வைக்கப்போகிறார் என்று தெரிந்தாலோ, வாகனம் வழிவிட்டே ஆக வேண்டும். இப்போதிருக்கும் வடிவில் இந்த விதி 2000 ஆம் ஆண்டு மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பாதசாரிக்கும் பொறுப்பு உண்டு. வரும் வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் பார்த்துத்தான் அவர் இறங்க வேண்டும். ஆனால் வேகத்தைக் குறைத்து, நிற்கத் தயாராக வர வேண்டியவர் சாரதி.

கடவையில் இருக்கும் நீலப் பலகையில் நடந்துபோகும் ஒரு மனிதரின் உருவம் இருக்கும். அவருக்கு "ஹெர் கோர்மன்" என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் "நடந்துபோகும் ஐயா". பின்னாளில் "ஃப்ரூ கோர்மன்" என்ற அம்மாவையும் பலகையில் சேர்த்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் தெரியும். எங்கள் சின்ன மகள் முன்பள்ளியிலிருந்து படித்துக்கொண்டு வந்து எங்களுக்குச் சொன்ன முதல் சுவீடிஷ் சொற்களில் இதுவும் ஒன்று.

இங்கே நண்பர்கள் சிலர் உடனே சொல்வார்கள்: "அவங்க பழக்கம் அப்படி. நம்மட ஆக்களுக்கு அது வராது." இந்தப் பேச்சுக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல விரும்புகிறோம். சுவீடன்காரர்கள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர்கள் அல்லர்.

ஒரு காலத்தில் அவர்களும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமாகத்தான் வாகனம் ஓட்டினார்கள். பக்கத்து நாடுகளான நோர்வேயிலும் பின்லாந்திலும் வலப்பக்கம். சுவீடனில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடப்பக்க ஸ்டியரிங் என்றால், முன்னால் போகும் வாகனத்தை முந்தும்போது எதிரே வருவது சாரதிக்குத் தெரியாது. ஆகவே மாற வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. 1955 இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் "வேண்டாம்" என்றார்கள். பழக்கத்தை விட அவர்களுக்கும் மனமில்லை!

ஆனாலும் பாராளுமன்றம் பின்னர் மாற்றத்துக்கு முடிவு செய்தது. 1967 செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. "டாகென் ஹோ" என்று அந்த நாளைச் சொல்கிறார்கள். "வலப்பக்கம்" என்பதற்கான சுவீடிஷ் சொல்லின் முதலெழுத்து அந்த "ஹோ". அன்று இரவு ஒரு மணியிலிருந்து அத்தியாவசிய வாகனங்களைத் தவிர மற்றவற்றுக்குத் தடை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீதியில் இருந்த வாகனங்கள் எல்லாம் நின்று, மெதுவாக மறுபக்கத்துக்கு மாறி, சரியாக ஐந்து மணிக்கு வலப்பக்கமாகப் புறப்பட்டன. அதற்கு முன் பல மாதங்களாகப் பிரசாரம் நடந்தது. வீடு வீடாகக் கைநூல் போனது. பால் பெட்டியில் அந்த எழுத்து, உள்ளாடையில் கூட அந்த எழுத்து. "வலப்பக்கமாகவே இரு" என்று ஒரு பாட்டுக்கூட போட்டிவைத்துத் தெரிவுசெய்தார்கள். கதவு தவறான பக்கத்தில் அமைந்துவிட்ட பழைய பஸ்களில் ஒரு பகுதி பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்கப்பட்டது.

ஆசிரியர்களாகிய எங்களைச் சிந்திக்கவைத்தது அதற்குப் பிறகு நடந்தது. மாற்றம் வந்த உடனே விபத்துகள் கூடவில்லை, குறைந்தன. எல்லோரும் பயந்து, ஒவ்வொரு சந்தியிலும் நிதானித்து ஓட்டினார்கள். வேக எல்லையும் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நிலை நீடிக்கவில்லை. பயம் தெளிந்தது, புதிய பக்கம் பழகிப்போனது, இரண்டு வருடத்துக்குள் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டன.

"கவனமாக இருங்கள்" என்று ஒரு முழு நாட்டுக்கும் சொல்லி, நாடும் அதைக் கேட்டு நடந்தும், அந்தக் கவனம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை என்பதுதான் இதன் பொருள். படித்த, வளர்ந்த மனிதர்களுக்கே இதுதான் நிலை என்றால், பத்து வயதுப் பிள்ளையின் கவனத்தை நம்பி ஒரு வீதியை விடலாமா?

இந்தக் கேள்விக்குச் சுவீடன் தந்த பதில் 1997 இல் வந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அவர்களுடைய பாராளுமன்றம் "பூச்சிய இலக்கு" என்று சொல்லத்தக்க ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. வீதியில் எவரும் இறக்கக்கூடாது, எவரும் பாரதூரமாகக் காயப்படக்கூடாது என்பதே இலக்கு. அடிப்படை எளிமையானது. மனிதன் தவறு செய்வான். பிள்ளை பந்தின் பின்னால் ஓடும். வயதானவருக்கு வாகனத்தின் தூரம் சரியாகத் தெரியாது. களைத்துப்போன சாரதிக்குக் கண் செருகும். இந்தத் தவறுகளை முழுதாக இல்லாமலாக்க முடியாது. ஆனால் ஒரு தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது. ஆகவே வீதியை அமைப்பவரும், வேக எல்லையைத் தீர்மானிப்பவரும், வாகனம் செய்பவரும், ஓட்டுபவரும் சேர்ந்தே பொறுப்பு. மக்கள் விதியை மீறி விபத்து நடந்தால்கூட, "அவன் பிழை" என்று கோப்பை மூடிவிட முடியாது. அடுத்த முறை அது உயிரைக் குடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று வீதிக்குப் பொறுப்பானவர் பார்க்க வேண்டும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, வீதியில் கண்டோம். பாடசாலைகளுக்கு அருகே வேக எல்லை மணிக்கு 30 கிலோமீற்றர். பலகை மட்டும் நட்டுவிட்டு விடவில்லை. கடவையே வீதி மட்டத்திலிருந்து சற்று உயர்த்தப்பட்டிருக்கும். மெதுவாக வராவிட்டால் காரின் அடிப்பகுதிக்குத்தான் சேதம். சில இடங்களில் வீதியை வேண்டுமென்றே ஒடுக்கியிருப்பார்கள். அகலமான வீதியென்றால் நடுவில் ஒரு சிறு திட்டு இருக்கும். பிள்ளை பாதி கடந்து அதில் நின்று மூச்சு விடலாம்.

முப்பது என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. நம் உயர்வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கிற இயக்கப்பாட்டுச் சக்தியை நினைத்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. முப்பதில் மோதும் வாகனத்தையும் அறுபதில் மோதும் அதே வாகனத்தையும் ஒப்பிட்டால், பிள்ளையின் உடம்பு வாங்கும் அடி நான்கு மடங்கு. முப்பதில் வந்தால் நிறுத்தவும் நேரம் இருக்கும். நிறுத்த முடியாமல் போனாலும் பிள்ளை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பலன் கிடைத்ததா? அந்தக் கொள்கை வந்த 1997 இல் சுவீடன் வீதிகளில் 541 பேர் இறந்தார்கள். 2020 இல் 204 பேர். இத்தனைக்கும் இடையில் சனத்தொகையும் வாகனங்களும் கூடியிருந்தன. ஒரு கோடி அளவு மக்கள் வாழும் நாடு அது. நமது நாட்டில் மக்கள் தொகை அதைப்போல இரண்டு மடங்கு சொச்சம். வருடத்துக்கு வீதியில் இறப்பவர்களோ இரண்டாயிரத்துக்கும் மேல்.

சட்டமும் வீதியமைப்பும் ஒரு பக்கம். அந்த மக்களின் வழக்கங்களோடும் இந்த விஷயம் பின்னிப் பிணைந்திருக்கிறது.

டிசெம்பரில் உப்சாலாவில் காலை ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் சூரியன் எழும். பகல் மூன்று மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். பிள்ளை இருட்டில் பாடசாலைக்குப் போய் இருட்டிலேயே திரும்பும். அந்த இருட்டைத் தாங்குவதற்கு அவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. டிசெம்பர் நெருங்கும்போதே வீட்டுக்கு வீடு யன்னலில் நட்சத்திர விளக்குகளும் கூம்பு வடிவ விளக்குத் தாங்கிகளும் வந்துவிடும். டிசெம்பர் 13 இல் லூசியா நாள். வெள்ளை அங்கி அணிந்த பிள்ளைகள் விளக்கேந்தி வரிசையாகப் பாடிக்கொண்டு வருவார்கள். முன்னால் வரும் பிள்ளையின் தலையில் மெழுகுவர்த்தி முடி இருக்கும். அது அவர்களுடைய சமய வழக்கத்திலிருந்து வந்தது, நாங்கள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தோம். இருட்டில் ஒருவருக்கொருவர் வெளிச்சம் காட்டுவது அவர்கள் வாழ்வில் எவ்வளவு ஊறியது என்பது அங்கே விளங்கியது.

அதே வெளிச்சம் வீதியிலும் இருக்கிறது. "ரிஃப்ளெக்ஸ்" என்பார்கள். வாகன விளக்கின் ஒளி பட்டால் பளிச்சென்று மின்னும் சிறு தகடு அல்லது பட்டி. குளிர்காலம் தொடங்கியதும் பெரியவர், சிறியவர் எல்லோருடைய மேலங்கியிலும் ஒன்று தொங்கும். நாய்க்குக்கூடக் கட்டியிருப்பார்கள். கறுப்பு உடையில் நடப்பவரை இருட்டில் ஒரு சாரதி இருபது முப்பது மீற்றர் தூரத்தில்தான் காண்பார். ரிஃப்ளெக்ஸ் இருந்தால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே தெரியும். நடப்பவர் அதை அணிய வேண்டும் என்று சுவீடனில் சட்டம் கிடையாது. ஆனால் பாட்டி பேரனின் பையில் ஒன்றைக் கொளுவிவிடுவார். வாசிகசாலையில் இலவசமாகக் கிடைக்கும். எங்களுக்கு முதல் ரிஃப்ளெக்ஸைத் தந்ததும் நாங்கள் முன்பு சொன்ன அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். இருட்டில் நாங்கள் கறுப்பு உடுப்போடு வருவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நான்கு பேருக்கும் நான்கு கொண்டுவந்து தந்தார்.

முன்பள்ளிப் பிள்ளைகள் வெளியே போகும் காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எல்லோரும் மஞ்சள் நிற மின்னும் மேலாடை, இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை. கடவைக்கு வந்தால் ஒருவர் நடுவில் நின்றுகொள்வார். கடைசிப் பிள்ளை கடக்கும்வரை பஸ்ஸும் காத்திருக்கும். அந்த நடையே அவர்களுக்குப் பாடம். வகுப்பறைச் சுவரில் வீதி விதிப் படம் ஒட்டுவதோடு நாங்கள் முடித்துவிடுவது அப்போது நினைவுக்கு வந்தது.

பனிக்காலத்தில் இன்னொன்றும் கண்டோம். பனி கொட்டினால் அதை அள்ளும் வாகனம் எங்கே முதலில் போக வேண்டும்? பெரிய வீதிக்கா, நடைபாதைக்கா? வழக்கமாகப் பெரிய வீதிக்குத்தான். கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் இந்த வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தியது. சில அங்குலப் பனியில் கார் போய்விடும். தள்ளுவண்டியில் குழந்தையோடு நடக்கும் தாய்க்கு அது முடியாது. பனியில் வழுக்கி விழுந்து வைத்தியசாலைக்கு வருவோரில் நடந்து போகிறவர்கள்தான் அதிகம், அவர்களில் பெண்கள் அதிகம். ஆகவே நடைபாதையையும் பிள்ளைகளின் முன்பள்ளிக்குப் போகும் வழியையும் முதலில் துப்புரவாக்கு என்று ஒழுங்கை மாற்றினார்கள். பின்னர் ஸ்டொக்ஹோம் உட்பட வேறு நகரங்களும் அந்த வழியை எடுத்துக்கொண்டன. செலவையோ சட்டத்தையோ பெரிதாக மாற்றாமல், யார் முதலில் என்ற வரிசையை மாற்றியதுதான் இங்கே நடந்தது. எங்களில் ஒருவரும் ஒரு ஜனவரியில் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதால், நடைபாதையில் தூவும் பொடிக்கல்லின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சமிக்ஞைக் கம்பத்தில் இருக்கும் சிறு பெட்டியும் அப்படித்தான். சிவப்பு எரியும்போது அது மெதுவாக "டிக்... டிக்..." என்று சத்தமிடும். பச்சை வந்ததும் வேகமாகத் தட்டும். கண் தெரியாதவர் காதால் கடக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் கடவையின் அமைப்பு விரலால் தடவிப் பார்க்கும்படி செதுக்கப்பட்டிருக்கும். நடுவில் திட்டு இருக்கிறதா, எத்தனை ஒழுங்கைகள் என்பதை விரலே சொல்லும்.

எல்லாம் பொன்னான நாடு என்று சொல்ல வரவில்லை. உப்சாலாவில் சைக்கிள் ஓடுபவர்களின் பாதையில் தெரியாமல் கால் வைத்தால் மணியடித்து ஏசிவிட்டுத்தான் போவார்கள். மின்சார ஸ்கூட்டர்களை நடைபாதையில் கண்டபடி ஓட்டியும் போட்டும் மக்களுக்குப் பெரும் தொல்லையானதால், 2022 செப்டெம்பரில் அதற்குத் தடை கொண்டுவர நேர்ந்தது. சிவப்பு விளக்கில் கடக்கிறவர்களும் அங்கே தாராளம். பாதசாரிக்கு அதற்கு அபராதமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். எதிர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை நின்றால், அவசரத்தில் இருப்பவரும் பச்சை வரும்வரை நிற்பார். பிள்ளை பார்க்கிறதே என்ற கூச்சம் அவரைப் பிடித்து நிறுத்துகிறது.

குடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 30 ஆம் திகதி வால்போரி என்றொரு வசந்தகாலக் கொண்டாட்டம். உப்சாலாவில் அன்று நகரமே நிரம்பி வழியும். மாணவர்கள் தாங்களே செய்த தெப்பங்களில் ஃபீரிஸ் ஆற்றில் இறங்குவார்கள். மதுவும் தாராளமாக ஓடும். நாங்கள் தள்ளி நின்றே பார்த்தோம். ஆனால் அவ்வளவு குடிக்கும் சமூகம், வாகனம் ஓட்டும் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறது. இரத்தத்தில் 0.2 புரொமில் மது இருந்தாலே அது குற்றம். 1990 இலிருந்து இந்த எல்லை. கொண்டாட்டத்துக்குப் போகிறவர் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார். நாம் குடிப்பதில்லை என்று பெருமைப்படுகிறோம், நல்லதுதான். ஆனால் ஒரு கையில் கைத்தொலைபேசியும் மறு கையில் ஹேண்டிலுமாக, முன்னால் ஒரு பிள்ளையையும் பின்னால் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும் வாப்பாமார் நம் தெருவில் எத்தனை பேர்?

நாடு திரும்பி இரண்டாம் நாள். பிரதான வீதியில் மஞ்சள் கடவை. எங்கள் சின்ன மகள் உப்சாலாவில் செய்தது போலவே, வரும் வாகனத்தைப் பார்த்து, அது நிற்கும் என்ற நம்பிக்கையில் கால் எடுத்து வைத்தாள். வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தப் பதிவை எழுதும் மனநிலையில் இன்று நாங்கள் இருந்திருக்க மாட்டோம். பிள்ளை அழவில்லை. நடுங்கிக்கொண்டு கேட்டாள்: "அந்த மாமா ஏன் நிக்கல்ல?"

நாங்கள் சொன்ன பதில்: "இனிக் கவனமா இருக்கணும் மகள்."

அது பதிலே இல்லை. அவள் கேட்டது அந்த மாமாவைப் பற்றி. நாங்கள் சொன்னது அவளைப் பற்றி. சென்ற வாரம் காலைக் கூட்டத்தில் நாங்கள் சொன்னதும் அதே பதில்தான். மோதியவரைப் பற்றிய கேள்விக்கு, மோதப்பட்ட பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னோம்.

பிள்ளைகளுக்குக் கவனம் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்பதல்ல எங்கள் கருத்து. சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ரிஃப்ளெக்ஸும் பிள்ளையின் உடம்பில்தான் தொங்குகிறது. ஆனால் சுவீடனில் அது கடைசிப் பாதுகாப்பு. அதற்கு முன்னால் முப்பது வேகம் இருக்கிறது, உயர்த்திய கடவை இருக்கிறது, நிற்கும் சாரதி இருக்கிறார். நம்மிடம் பிள்ளையின் கவனம்தான் முதலாவதும் கடைசியும். ஆயிரம் கிலோ இரும்பை ஓட்டுபவரை விட்டுவிட்டு, முப்பது கிலோப் பிள்ளையின் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றிவைத்திருக்கிறோம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அந்தப் பாதையில் இன்று முள்ளாக இருப்பது நம்முடைய வேகம்தான்.

"அது பணக்கார நாடு, நமக்கு எங்கே காசு?" என்பீர்கள். எல்லாவற்றுக்கும் காசு வேண்டியதில்லை. வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. அதில் இவற்றை முன்வைக்க இருக்கிறோம்.

ஒன்று: பாடசாலைக்கு முன்னால் உள்ள கடவைக்கு மறுபடி நிறம் பூசவும், இரு பக்கமும் வேகத்தடை போடவும் கேட்டு, பெற்றார், ஆசிரியர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் எல்லோரும் கையொப்பமிட்ட கடிதமொன்றை உரிய அதிகாரிகளிடம் நேரில் கொடுப்போம்.

இரண்டு: பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பெற்றாரில் இரண்டு பேர் முறைவைத்து மின்னும் மேலாடையோடு கடவையில் நிற்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த முறையில் சேர்கிறோம்.

மூன்று: பிள்ளையை இறக்கிவிட வரும் நாமே கேட் வாசலில், கடவையை மறைத்து வாகனத்தை நிறுத்துகிறோம். கடக்கும் பிள்ளையை வரும் சாரதி காணாமல் போவதற்கு இதுவும் காரணம். ஐம்பது மீற்றர் தள்ளி நிறுத்தி, பிள்ளையோடு நடந்து வருவோம்.

நான்கு: சுபஹுக்குப் பிறகும் மஃரிபுக்குப் பிறகும் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகளின் பைகளில் மின்னும் பட்டி தைத்துக் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஒரு சாண் பட்டி போதும். தையல் தெரிந்த ராத்தாமார் உதவினால் ஒரு வாரத்தில் முடியும்.

ஐந்தாவது கூட்டத்துக்குரியதல்ல, இன்றே செய்யக்கூடியது. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், வேன் எது ஓட்டுபவராக இருந்தாலும், பாடசாலைப் பக்கம் வரும்போது முப்பதுக்குக் குறையுங்கள். மஞ்சள் கடவையில் பிள்ளை நின்றால் நிறுத்துங்கள். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும். நீங்கள் பத்து நாள் நின்றால், பதினோராம் நாள் அவரும் நிற்பார். எண்பது வீதமானோர் வேண்டாம் என்று சொன்ன மாற்றத்தையே ஒரு நாடு பழகிக்கொண்டது. நம்மாலும் பழக முடியும்.

கூட்டத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். நாங்கள் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

கட்டுப்போட்ட காலோடு வீட்டில் படுத்திருக்கும் அந்தப் பிள்ளை சீக்கிரம் எழுந்து நடக்க எல்லோரும் துஆ செய்யுங்கள். பரீட்சைக்கு முன் பாடசாலைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளையின் ஒரே கவலை. வரும் நாளில் அந்தக் கடவையில் நிற்க நாங்கள் இருப்போம். நீங்களும் வாருங்கள்.